கொடுக்கிற கையும் பரிமாறுகிற கையும்

(தொண்டூழியர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகதிகளுக்கு உதவும்போது உள்ளூர்க் குழுக்களோடு எப்படிக் கூட்டுச் சேர்ந்து பணியாற்றுவது என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பது ஆண்டுகள் கணக்காய்வு அலுவலகத்தில் பேரேடு புரட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு தாய்லாந்து-பர்மா எல்லையில் நிவாரணப் பணி செய்யும் ஒரு சிறு அமைப்புக்குத் தொண்டராகப் போய், கிடங்குக் கணக்கு பார்ப்பதும், கணக்கு எழுதப் பழக்குவதுமாகச் சில பருவங்களைக் கழித்திருக்கிறேன். ஆகவே அரிசி மூட்டையின் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

அந்த எல்லை நமக்கு அந்நியமான இடமன்று. தாய்லாந்தின் மேற்கு எல்லையில் வடக்கே மே ஹோங் சோன் மாநிலம் முதல் தெற்கே ராட்சபுரி வரை ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய பான் டோன் யாங் முகாம் காஞ்சனாபுரி மாநிலத்தில், மூன்று பகோடா கணவாய்ப் பக்கம் உள்ளது. காஞ்சனாபுரி என்றால் நம் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அந்தப் பாதை பர்மாவுக்குள் நுழைந்ததும் இந்தக் கணவாய் வழியாகத்தான். அந்த மண்ணில் இன்று கரேன் மக்கள் அகதிகளாக இருக்கிறார்கள்.

இந்த முகாம்களின் கதை 1984இல் தொடங்குகிறது. அதற்கு முன்பும் பர்மிய இராணுவம் கோடைக்காலத்தில் தாக்கும்போது கரேன் மக்கள் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வருவார்கள்; மழை தொடங்கி இராணுவம் பின்வாங்கியதும் ஊர் திரும்பி விடுவார்கள். 1984இல் மழை வந்தது, இராணுவம் பின்வாங்கவில்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் தாக் மாநிலத்தில் தங்கிவிட்டனர். தாய்லாந்து உள்துறை அமைச்சு, அப்போது கம்போடியா, லாவோஸ், வியட்நாம் அகதிகளுக்கு உதவிக்கொண்டிருந்த தொண்டு நிறுவனங்களை அழைத்து, சத்தமில்லாமல், சிறிய அளவில் உதவி செய்யுங்கள் என்று கேட்டது. சில கிறிஸ்துவத் தொண்டு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டமைப்புதான் பலமுறை பெயர் மாறி, 2012 முதல் 'தி பார்டர் கன்சோர்டியம்' என்று வழங்குகிறது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. நிறுவனங்கள் போய்ப் பார்த்தபோது, அகதிகள் தங்களுக்குள் ஏற்கனவே ஒரு குழு அமைத்திருந்தார்கள். கரேன் அகதிகள் குழு என்று பெயர். யார் எந்த ஊர், எந்த வீட்டில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவர்களிடம் இருந்தது. அதே தாய்லாந்தின் கிழக்கு எல்லையில் கம்போடிய அகதிகளுக்கு வேலி கட்டிய பெரிய முகாம்கள் இருந்தன. அங்கே வெளிநாட்டு ஊழியர் நிறையப் பேர் வேலை செய்தனர். மேற்கு எல்லையில் நிறுவனங்கள் வேறு வழியில் போயின. அரிசி வாங்கித் தருவோம், கிடங்கு வரை கொண்டு வருவோம், கணக்குக் கேட்போம்; எண்ணுவதும் பகிர்வதும் ஊரை நடத்துவதும் நீங்களே என்று குழுவிடம் விட்டார்கள். பிற்பாடு கரென்னி மக்களும் மோன் மக்களும் வந்தபோது அவரவர் குழு மூலமாகவே இது நடந்தது. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்துக்கு அந்த எல்லையில் முறையான பங்கு கிடைத்ததே 1998இல்தான். அதுவரை பதினான்கு ஆண்டுகள், ஒரு லட்சம் பேரைத் தாண்டிய நிலையிலும், முகாம்களின் அன்றாட நிர்வாகத்தை அகதிகளே பார்த்துக்கொண்டார்கள்.

நம் ஆலயத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உபயகாரர் பணம் கொடுக்கிறார், அவர் பெயர் அழைப்பிதழில் வருகிறது. ஆனால் மடைப்பள்ளிக்குள் போய், உப்பு எவ்வளவு, எந்த அடுப்பில் எந்த அண்டா என்று அவர் சொல்லத் தொடங்கினால் பந்தி நடக்காது. அதே சமயம், நூறு கிலோ அரிசிக்குப் பணம் வாங்கி எண்பது கிலோ பொங்கினால் உபயகாரருக்குக் கேட்க உரிமை உண்டு. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் கூட்டுப் பணி முழுவதும். சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுத் தகராறு வரும்.

முகாமில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மழைக்காலத்தில் மே ஹோங் சோன் பக்கத்து மலைப்பாதைகள் சேறாகி லோரி ஏறாது. அதனால் சில முகாம்களுக்கு மழைக்கு முன்பே ஆறு, ஏழு மாதத்து அரிசியைச் சேர்த்து வைத்தாக வேண்டியிருந்தது. அரை வருஷத்து உணவை மூங்கிலும் தகரமும் கொண்டு கட்டிய கிடங்கில் பூட்டி, சாவியை ஓர் அகதியின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். நம்பிக்கை என்பதற்கு இதைவிடக் கனமான உருவம் நான் பார்த்ததில்லை.

ஆனால் அது கண்மூடித்தனமான நம்பிக்கையும் அன்று. அரிசி டெண்டர் மூலம் வாங்கப்படும். தரத்தைச் சோதிக்க வெளியார் நிறுவனம் இருந்தது. மூட்டை இறங்கும்போது நிறுக்கப்படும். குடும்பத்துக்கு ஓர் உணவுப் புத்தகம். இந்த மாதம் தலைக்கு எவ்வளவு அரிசி, பயறு, உப்பு, எண்ணெய், மிளகாய், மீன் விழுது என்று கிடங்கு வாசலில் படத்தோடு அட்டை தொங்கும். எழுத்துத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்துத் தராசைப் பார்ப்பாள். என் அனுபவத்தில் எந்த ஆய்வாளரையும்விட அந்தப் பாட்டிதான் கண்டிப்பானவள்.

மீன் விழுது என்றதும் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. நம் பெலாச்சானின் உறவுதான் அது. அம்மக்களுக்கு அது இல்லாவிட்டால் சோறு இறங்காது. சைவ நெறி காக்கும் அறநிலையப் பணத்தில் அதை வாங்கலாமா என்று ஒரு நன்கொடையாளர் என்னிடம் நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் வெள்ளி அரிசிக்கும் பயற்றுக்கும் போகட்டும், மற்றது மற்றவர் பணத்தில் வரட்டும் என்று எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் என் கொள்கைக்காக அவர்கள் சாப்பாட்டிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றால், அது உதவியின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இனி சிக்கலுக்கு வருகிறேன். வெளிநாட்டு நன்கொடையாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. அகதிகள் குழு, எல்லைக்கு அப்பால் போராடிக்கொண்டிருந்த கரேன் தலைமையின் நிழலில் பிறந்தது. அப்படியிருக்க நம் அரிசி போராளிகளின் வயிற்றுக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி? 'சந்தேகப்படுகிறீர்களா' என்று கோபித்துக்கொள்வதால் பயனில்லை. 'இல்லவே இல்லை' என்று சத்தியம் செய்வதாலும் பயனில்லை. எண்ணிக் காட்டுவதுதான் பதில். கிடங்கில் இருப்பு எவ்வளவு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, இடையில் எலிக்கும் ஈரத்துக்கும் போனது எவ்வளவு என்று மாதாமாதம் நிறுத்துக் காட்ட வேண்டும். எந்த ஊர்க் குழுவுக்கும் இது பாரம். ஆனால் அவர்களைக் காப்பாற்றியதும் இந்தக் கணக்குதான்.

இப்படி நான் ஒரு முகாமில் இருப்புப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கிடங்குப் பொறுப்பாளர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், முன்னே பள்ளி ஆசிரியர். அவரை எல்லாரும் 'தாரா' என்று அழைப்பார்கள். கரேன் மொழியில் ஆசிரியர் என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். மூன்று மணி நேரம் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். கடைசியில், "ஐயா, எங்கள் புத்தகத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உங்கள் புத்தகத்தை நாங்கள் எப்போது பார்ப்பது?" என்று கேட்டார். மொழிபெயர்த்த பையன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். அவர் குரலில் குத்தல் இல்லை. நான் ஒரு பருவத்துக்கு வந்துபோக எவ்வளவு செலவாகிறது, அதில் எத்தனை மூட்டை வாங்கலாம் என்பதை அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியை அமைப்பின் கூட்டத்தில் அப்படியே வைத்தேன். வாதம் நடந்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை. இறுதியில், அரிசி என்ன விலைக்கு வாங்கினோம், லோரி வாடகை என்ன, அலுவலகச் செலவு என்ன என்பதைக் கரேன் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி முகாம் குழுவிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதைப் படித்த குழுவினர், வாடகை அதிகம், இன்ன மாதத்தில் ஏற்றினால் குறையும் என்று யோசனை சொன்னார்கள். அது சரியாகவே இருந்தது. கணக்கை ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தால் அதற்குப் பெயர் மேற்பார்வை. கூட்டாளி என்று சொல்லிக்கொள்வதானால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது நிர்வாகச் செலவு. நம் மக்களிடம் பணம் கேட்டுப் போனால் முதல் கேள்வி, 'முழுப் பணமும் ஏழைக்குப் போகுமா?' என்பதுதான். போகும் என்று சொன்னால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். ஆனால் மூட்டையை நிறுக்க ஒருவர் வேண்டும். எழுத ஒருவர் வேண்டும். அந்த மனிதருக்கும் பிள்ளைகள் உண்டு. முகாமை விட்டு வெளியே வேலைக்குப் போக அவருக்கு நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. ஒரு சிறு தொகையாவது கொடுக்காமல், நாள் முழுக்கக் கிடங்கில் இரு, ஒரு மணி அரிசியும் தொடாதே, ஆங்கிலத்தில் அறிக்கை எழுது என்று கேட்பது தர்மமா? பெரிய நிறுவனங்கள் தங்கள் தலைமையகத்துக்கென நிர்வாகச் செலவு எடுத்துக்கொள்ளும். உள்ளூர்க் குழு அதே பங்கைக் கேட்டால், 'இவர்களுக்கு எதற்கு?' என்ற பேச்சு எழும். இதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பழக்கிய ஆட்கள் போய்விடுவது இன்னொரு தொல்லை. 2005 முதல் அமெரிக்கா முதலிய நாடுகள் இந்த அகதிகளைப் பெருமளவில் குடியேற்றத் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்கள் வாழ்வுக்கு அது விடிவு; யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலமும் படிப்பும் இருந்தவர்கள் பலர் முதலிலேயே விண்ணப்பித்துப் போனார்கள். அதாவது ஆசிரியர், தாதி, மருத்துவ உதவியாளர், குழுச் செயலாளர் ஆகியோர். இருபது ஆண்டுகளாக வளர்ந்த நிர்வாகம் இரண்டு மூன்று ஆண்டில் பாதி காலியானது. எழுதப் பழகியவர் போய்விட, புதியவரை மீண்டும் 'வரவு, செலவு, இருப்பு' என்று முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்தப் பயிற்சிச் செலவைத் திட்டத்தில் எழுதினால் அதுவும் 'நிர்வாகம்' என்று வெட்டப்படும்.

பங்களாதேஷில் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் காக்ஸ் பஜார் பக்கம் வந்தபோது ஆள் போகும் கதை வேறு விதமாக நடந்தது. முதல் நாட்களில் சோறு போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பின்னர் பெரிய நிறுவனங்கள் வந்திறங்கின. உள்ளூர் அமைப்புகளின் அனுபவசாலி ஊழியர்களைக் கூடுதல் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டன. கூட்டாளியின் வீட்டுத் தூணை உருவி நம் வீட்டுக்கு நட்டுக்கொண்டு, 'உங்கள் வீடு ஏன் சாய்கிறது?' என்று கேட்பது போன்றது இது.

உலகம் இதை அறியாமலில்லை. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை நெறியிலேயே உள்ளூர்த் திறனை ஆதாரமாகக் கொண்டு நிவாரணம் செய்வோம் என்று இருக்கிறது. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2020க்குள் நிவாரண நிதியில் 25 விழுக்காடு இயன்றவரை நேராக உள்ளூர் அமைப்புகளைச் சேர வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். 2020 வந்தது, போனது. எட்டவில்லை, அருகில்கூட வரவில்லை. கையெழுத்திட்டவர்கள் தீயவர்கள் அல்லர். நூறு சிறு குழுக்களுக்குத் தனித்தனியே பணம் கொடுத்துக் கணக்கு வாங்குவதைவிட ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பது அவர்கள் அலுவலகத்துக்குச் சுலபம், அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரர் என்றால் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். முகாம் குழுக்களில் நெடுங்காலம் ஆண்களே நிறைந்திருந்தார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? கரேன் மகளிர் அமைப்பு போன்றவை இடைவிடாமல் போராடித்தான் பெண்கள் குழுக்களில் இடம் பெற்றார்கள். பெரிய முகாமான மே லாவில் முஸ்லிம்களும் வேறு இனத்தாரும் வாழ்கிறார்கள்; பெரும்பான்மையின் குழுவில் சிறுபான்மையின் குரல் தானாகக் கேட்காது. பிந்தி வந்தவர்களின் நிலையும் அப்படியே. 2005க்குப் பின் தாய்லாந்து அரசின் பதிவு பெரும்பாலும் நின்றுபோனதால், பல ஆண்டுகள் முகாமில் வாழ்ந்தும் அரசுப் பட்டியலில் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதையெல்லாம் கூட்டாளியிடம் முகத்துக்கு நேரே பேச வேண்டும். பேசாமல் இருப்பதை மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அக்கறையின்மையாகவே படுகிறது.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது. தொடக்கத்தில் முகாம்கள் சிற்றூர்கள் போல இருந்தன. மக்கள் காட்டில் கீரை பறித்தார்கள், ஆற்றில் மீன் பிடித்தார்கள். உதவி ஒரு பங்குதான். 1995இல் மானெர்பிளாவ் வீழ்ந்தது. முகாம்களே தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. பாதுகாப்புக்காகச் சிற்றூர்களைச் சேர்த்துப் பெரிய முகாம்களாக்கினார்கள். காடும் ஆறும் கைக்கு எட்டாமல் போயின. முழுச் சோறும் லோரியில் வர வேண்டியதாயிற்று. பின்னர் நிதி குறையத் தொடங்கியது. ஒரு காலத்தில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 16 கிலோ அரிசி. குறையக் குறைய 12க்கும் அதற்குக் கீழும் இறங்கியது.

எல்லாருக்கும் சமமாகக் குறைத்தால் ஏழை சாவான், வெளிநாட்டில் மகன் இருப்பவன் சமாளிப்பான். ஆகவே குடும்பங்களை வகைப்படுத்தினார்கள்: மிக நலிந்தோர், நலிந்தோர், பொது நிலையினர், தாமே சமாளிப்போர். யார் எந்த வகை என்று முடிவு செய்யும் பொறுப்பு சமூகத்திடமே விடப்பட்டது. வெளியிலிருந்து வந்த நான் ஒரு வீட்டைப் பார்த்தால் கூரையும் பாத்திரமும்தான் தெரியும். அந்த வீட்டு மகன் பணம் அனுப்புவதை நிறுத்தி ஓராண்டாகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். எனவே பட்டியல் சரியாக அமைய அதுதான் வழி. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மறுநாளும் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும்! நிதி குறைப்பு முடிவு எங்கோ ஒரு தலைநகரில். அதை முகம் பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கு. அதிகாரத்தைப் பகிர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் பல நேரங்களில் பகிர்வது பழியைத்தான்.

இதை ஈடு செய்ய வழி உண்டு. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர் முறையிடக் குழுவுக்கு அப்பால் ஓரிடம் வேண்டும். வகை பிரிக்கும் விதியை ஊர் முழுக்க முன்னரே படித்துக் காட்டியிருக்க வேண்டும். முதல் விநியோக நாளன்று நிதி கொடுக்கும் அமைப்பின் ஆளும் குழுவின் பக்கத்தில் நின்று, 'குறைத்தது நாங்கள், இவர்கள் அல்லர்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படி நின்ற ஒரு நாளை நான் பார்த்தேன். ஒரு மூதாட்டி வந்து எங்கள் அமைப்பின் அலுவலரை நன்றாகத் திட்டித் தீர்த்தார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். மாலையில் தாரா அவருக்கு வெற்றிலை கொடுத்து, "இன்று எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

2025 இவ்வளவையும் புரட்டிப்போட்டது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அந்த நிதியில் நடந்துவந்த முகாம் மருத்துவமனைகள் சில நாட்களிலேயே கதவடைத்தன. உணவு உதவியும் ஆட்டம் கண்டு, 2025 ஜூலை முடிவோடு மிக நலிந்தோர் தவிர மற்றவர்களுக்கு நின்றது. நாற்பத்தோராண்டுப் பழக்கம் அது. பிறகு தாய்லாந்து அரசு, முகாம் அகதிகள் வெளியே சட்டப்படி வேலை செய்யலாம் என்று முடிவெடுத்து, 2025 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியது. பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த உரிமை, வரவேற்க வேண்டியதே. ஆனால் வேலைக்குப் போக முடியாத முதியவர், ஊனமுற்றவர், கைக்குழந்தைத் தாய் ஆகியோர் முகாமில்தான் இருக்கிறார்கள்.

நிதி நிற்பது உலக வழக்கம். எந்த உபயமும் நிரந்தரமன்று. நான் குறை சொல்வது அறிவிப்பின்றி நிறுத்தியதை. ஓராண்டு முன்னே சொல்லியிருந்தால் நோயாளிகளை எங்கே மாற்றுவது, எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை பழக்குவது என்று குழுக்கள் திட்டமிட்டிருக்கும். பல்லாண்டு ஊரை நடத்திக் காட்டியவர்களுக்கு ஒரு மாத அவகாசம்கூடக் கொடுக்காதது, அவர்களைக் கூட்டாளியாக நினைக்கவில்லை என்பதற்குச் சான்று. அந்த நாட்களில் நோயாளிகளைச் சுமந்தவர்கள் யார்? முகாமிலேயே பயிற்சி பெற்ற தாதிகளும், தாய்லாந்து அரசின் மாவட்ட மருத்துவமனைகளும். உள்ளூர் என்று நாம் சொல்வது இவர்கள் இருவரையும் சேர்த்துத்தான். முகாமைச் சுற்றியுள்ள தாய்லாந்து கிராமத்தானும் ஏழைதான். அவனை விட்டுவிட்டு வேலிக்கு உள்ளே மட்டும் கொடுத்தால் நாளை அகதிக்குத்தான் பகை.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம் அறநிலையம் சிறியது. ஆனால் சிறியவர்களால் முடிகிற சில காரியங்கள் பெரியவர்களால் முடிவதில்லை. மே சொட் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. நம் நாட்டிலேயே சின், ரோஹிங்யா முதலிய அகதிகள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாததால், அச்சமூகங்களே கடைவீடுகளின் மாடியில் சிறு பள்ளிகள் நடத்துகின்றன. அவர்களும் உள்ளூர்க் கூட்டாளிகளே.

செயற்குழு முன் நான் வைக்கும் யோசனை இதுதான். விழாவுக்கு விழா ஒரு பெரிய காசோலையும் புகைப்படமும் என்பதற்குப் பதில், தொகை சிறிதானாலும் மூன்றாண்டுக்கு உறுதி சொல்வோம். அந்தத் தொகையில் ஒரு பங்கு, கணக்கு எழுதுபவரின் படிக்கும் பள்ளி வாடகைக்கும் என்று நாமே எழுதிக் கொடுப்போம். அவர்கள் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஏற்கனவே வேறு நன்கொடையாளருக்கு அவர்கள் அறிக்கை எழுதுகிறார்கள் என்றால் அதன் நகலையே ஏற்போம். நமக்கென்று தனிப் படிவம் வேண்டாம். பழைய துணி மூட்டைகளை அனுப்புவதை நிறுத்துவோம். ஈரத்தில் பூசணம் பிடித்த கோட்டும் சூட்டும் கிடங்கில் அரிசியின் இடத்தை அடைத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை நம் வரவு செலவை அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கொடுப்போம். விலக நேர்ந்தால் ஓராண்டு முன்னதாக எழுத்தில் சொல்வோம். கடைசியாகச் சொன்ன இதை ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே போட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். வாசலில் பதிவேடு வைத்திருக்கும் அம்மையாரிடம் நகல்கள் இருக்கின்றன. குறை தெரிந்தால் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் திருத்தி, நாம் சேர விரும்பும் பள்ளிக் குழுவினரிடமும் கொடுத்து, அவர்கள் திருத்தத்தையும் வாங்கிய பிறகே முடிவு செய்வோம்.